இர்மாவுக்கு ஃபுட்பால் தெரியாது

என் காதில் கோளாறு எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடுவில் வந்து யாரும் கேட்கக் கூடாது.

கோளாறு மற்றவர்கள் வாயில். இந்தக் காலத்தில் யாருக்கும் வாய் திறந்து பேசத் தெரியவில்லை. டாக்டர் முனகுகிறார். பாதிரியார் முனகுகிறார். மளிகைக் கடையில் பணம் வாங்குகிற பெண் உதட்டை மட்டும் அசைக்கிறாள். டி.வி.யில் ஃபுட்பால் வர்ணனை சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு முனகுகிறார்கள். ஊரே முனகும்போது ஒரு மனிதன் டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தான். இது குற்றமா?

என் மனைவி இர்மா குற்றம் என்றாள். அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் தாமாகவே நகர்ந்து ஓரத்துக்கு வருகின்றன என்றாள். தம்ளரை உள்ளே தள்ளி வை என்றேன். எனக்கு அதுதான் தீர்வாகப் பட்டது.

நான் ரே ஹோர்வத். கிளீவ்லண்டை ஒட்டிய பார்மாவில் வீடு. காருக்குக் கதவு அடிக்கிற பிரஸ் முன்னால் நின்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த பிரஸ் சத்தத்தில் காது போய்விட்டது என்பது டாக்டர் கட்சி. போகிற காதாக இருந்தால் அப்போதே போயிருக்கும் என்பது என் கட்சி. வாழ்க்கையில் நான் எந்தக் கட்சியிலும் நிரந்தரமாக இருந்ததில்லை. இதில் இருந்தேன்.

எனக்கு இரண்டு விஷயங்களில் அபிப்பிராயம் உண்டு. ஃபுட்பால், பேஸ்பால். ஃபுட்பால் என்றால் எங்கள் ஃபுட்பால். முட்டை மாதிரிப் பந்து. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிராளி மேலே விழுந்து அமுக்குவான். மற்ற நாட்டுக்காரர்கள் உருண்டைப் பந்தைக் காலால் உதைக்கிறார்களே, அதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது. எனக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் அது ஒன்றுதான் என்பாள் இர்மா.

ஆட்டம் எளிது. நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். மூன்று முயற்சியில் முடியவில்லையா, நாலாவதில் பந்தை எதிராளி பக்கம் தூர உதைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வேண்டும். அதுதான் மானமுள்ளவன் செய்வது. இப்போது கோச்சுகள் கம்ப்யூட்டரைக் கேட்டுக்கொண்டு நாலாவது முயற்சியிலும் ஓடிப் பார்க்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு முழங்கால் உண்டா? அதன் மேல் யாராவது வந்து விழுந்திருக்கிறார்களா?

இந்த வருஷம் எங்கள் ஃபுட்பால் கோச் அப்படிப்பட்ட ஒருவன். ஊரில் எல்லோரும் அவனை வேலையை விட்டுத் துரத்த வேண்டும் என்றார்கள். நான் இரண்டு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் மகள் கேரலிடமிருந்து போன். அவள் அரிசோனாவில், டூசான் நகரத்தில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் பேசுவாள். அன்றைக்கு இர்மா சர்ச்சிலிருந்து இன்னும் வரவில்லை. நான் எடுத்தேன். அவள் என்னவோ நீளமாகப் பேசினாள். அவளும் முனகுகிறவள்தான். டி.வி.யில் கோச் முகத்தைக் காட்டினார்கள்.

"போனாப் போறான்," என்றேன் நான். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே துரத்தியிருக்கணும். ஒண்ணுக்கும் உதவாதவன். அடுத்தவன் வருவான், இவனைவிட நல்லாவே இருப்பான்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நடுவில் போன் சீக்கிரம் முடிவது எனக்குப் பிடிக்கும். நான் திரும்ப உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு கேரல் போன் செய்தால் நேராக அம்மாவைக் கேட்டாள். அப்பாவிடம் கொடு என்று சொல்லவில்லை. இரண்டு பெண்கள் பேசிக்கொள்ள ஆயிரம் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் இர்மா என் எதிரில் உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள்.

"கேரல் அன்னைக்கு உன்கிட்ட என்ன சொன்னான்னு தெரியுமா?"

"கோச்சைப் பத்திப் பேசினா."

"பொறந்ததுலேர்ந்து அவ கோச்சைப் பத்தி ஒரு வார்த்தை பேசியிருக்காளா, ரே?"

யோசித்துப் பார்த்தேன். பேசியதில்லை.

"டென்னி வீட்டை விட்டுப் போயிட்டான். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டா. எனக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்னு, நான் சர்ச்சுல இருக்கற நேரமாப் பாத்து கூப்பிட்டிருக்கா."

டென்னி என்பவன் எங்கள் மருமகன்.

நான் முட்கரண்டியை வைத்தேன். என்ன சொல்வது என்று தெரியாதபோது ஆண்கள் சொல்வதைச் சொன்னேன்.

"போன் சரியில்லை."

"போன் நல்லா இருக்கு."

"அப்ப லைன்."

"லைனும் நல்லா இருக்கு."

காது டாக்டரிடம் நாள் குறித்துவிட்டதாகச் சொன்னாள். நான் வர முடியாது என்றேன். காதுக்குள் மெஷின் வைத்துக்கொண்டு கிழவன் மாதிரி அலைய முடியாது. நீ கிழவன்தான் என்றாள். அதற்கு மெஷின் வைத்து விளம்பரம் செய்ய வேண்டியதில்லை என்றேன். கேரல் உன்னோடு இனிமேல் எப்படிப் பேசுவாள் என்று கேட்டாள். கடிதம் எழுதட்டும் என்றேன். அவள் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். சுத்தமாக இருந்த மேஜை. அதுவே கெட்ட சகுனம்.

அப்போதுதான் வீறாப்பாக ஒரு வார்த்தை விட்டேன். ஃபுட்பால் பார்க்க எனக்குச் சத்தமே வேண்டாம். சத்தத்தை அடியோடு நிறுத்திப் படத்தை மட்டும் ஓடவிடு. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று ஆடுகிறவனுக்குத் தெரிவதற்கு முன்னால் நான் சொல்வேன். கண் இருக்கிறவனுக்குக் காது எதற்கு?

இர்மா துடைப்பதை நிறுத்தினாள்.

"அப்படியா? அப்ப நானும் சொல்றேன். யார் சொன்னது அதிகம் சரியா வருதுன்னு பாப்போம்."

சிரித்தேன். இத்தனை வருஷம் ஃபுட்பால் ஓடுகிற வீட்டில் குடித்தனம் நடத்தியவள். அவள் அறிந்ததெல்லாம் எந்த அணியின் டவுசரில் அதிகம் புல் கறை, அதை எதைப் போட்டு எடுக்கலாம் என்பது. அவள் தோற்றால் காது என்ற சொல்லே இந்த வீட்டில் கேட்கக் கூடாது. நான் தோற்றால் காது டாக்டர். கை குலுக்கினோம். அவள் கை ஈரமாக இருந்தது. என் கை உறுதியாக இருந்தது.

நடுவர் வேண்டுமே. பக்கத்து வீட்டு ஸ்டான் பாவ்லிக்கைக் கூப்பிட்டேன். என்னோடு அதே ஆலையில் இருந்தவன். ஆனால் கணக்குப் பிரிவில், கதவைச் சாத்திக்கொண்டு. அவனுக்கு ஒரே குணம்தான்: எதிரில் சாப்பாடு இருந்தால் நியாயமாக இருப்பான்.

அந்த ஞாயிறு பிட்ஸ்பர்க்காரர்களோடு ஆட்டம். டி.வி. சத்தத்தை நானே என் கையால் நிறுத்தினேன். ஸ்டான் இரண்டு தம்ளர்களை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டான். யார் சொன்னது சரியாக வருகிறதோ அவர் தம்ளரில் ஒரு பீர் மூடி போட வேண்டும். மூடிக்குப் பஞ்சம் வராமல் பார்த்துக்கொள்வதாக அவன் உறுதி சொன்னான்.

இர்மா சமையலறையில் இருந்தாள். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே விளையாடுவாளாம். ஒவ்வொரு தடவையும் கதவு வரை வந்து தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போவாளாம். போகட்டும் என்றேன். சமைத்துக்கொண்டே தோற்பது அவள் விருப்பம்.

முதல் முயற்சி. எங்கள் ஆட்கள் வரிசையாகக் குனிந்தார்கள். கால் நிற்கிற விதத்தைப் பார்த்தேன். இடுப்பைப் பார்த்தேன். "எறிவான்," என்றேன். வெகு நேரம் கழித்து இர்மா தலையை நீட்டினாள். பந்து கைமாறப் போகிற நேரம். "எறிய மாட்டான். வலது பக்கமா ஓடி, விழுந்துடுவான்."

வலது பக்கமாக ஓடினான். விழுந்தான்.

தற்செயல் என்றேன். ஸ்டான் ஒரு மூடியை அவள் தம்ளரில் போட்டான்.

இரண்டாவது முயற்சி. நான் ஓடுவான் என்றேன். அவள் கையில் கோஸ் இலையோடு வந்தாள். எறிவான், ஆனால் பிடிக்க வேண்டியவன் கையில் பட்டு நழுவும் என்றாள். நழுவியது. மூன்றாவதில் எங்கள் ஆளுக்கு மூச்சு முட்ட அடி விழும் என்றாள். விழுந்தது. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என்னைப் பார்க்க யாரும் பாவப்படவில்லை.

ஒவ்வொரு தடவையும் கடைசி நொடியில்தான் வந்தாள். வேலை மும்முரம் என்று நினைத்தேன். வந்து, சொல்லி, போய்விடுவாள். சொல்கிற விதத்திலும் ஒரு தயக்கம் இல்லை. பால்காரன் வந்துவிட்டான் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். இரண்டாம் பாதியில் ஒரு தடவை எங்கள் ஆள் பந்தை எறிய அழகாகக் கையை ஓங்கினான். எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போல் இருந்தது. கதவோரம் இர்மா.

"சந்தோஷப்படாதே, ரே. பிட்ஸ்பர்க்காரன் ஒருத்தன் நடுவுல புகுந்து பிடிச்சுக்கிட்டு அந்தக் கோடி வரைக்கும் ஓடுவான்."

பந்து காற்றில் போனது. பிட்ஸ்பர்க்காரன் நடுவில் புகுந்தான். அந்தக் கோடி வரைக்கும் ஓடினான்.

நான் உட்கார்ந்தேன். வீட்டில் இத்தனை வருஷமாக ஒரு மகா மேதையை வைத்துக்கொண்டு பாத்திரம் தேய்க்க விட்டிருக்கிறேன் என்று தோன்றியது. எங்கள் கோச்சைத் துரத்தினால் அந்த இடத்துக்கு இவளை எழுதிப் போடலாம். ஸ்டானைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் கோஸ் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவதோ ஐந்தாவதோ. அவள் தம்ளர் நிறைந்து மூடிகள் மேஜையில் விழ ஆரம்பித்திருந்தன. என் தம்ளரில் அடிப்பகுதி தெரிந்தது.

பந்தயம் பந்தயம்தான். காது டாக்டரிடம் போனேன்.

அந்த டாக்டர் ஒரு சின்னப் பெண். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். அவள் சத்தமே போடவில்லை. எவ்வளவு நேரம்தான் பொறுப்பது. வெளியே வந்து எப்போது ஆரம்பிப்பாய் என்று கேட்டேன். முடிந்துவிட்டது என்று எழுதிக் காட்டினாள்.

மெஷின் ஒரு அவரைக்கொட்டை அளவு. காதில் வைத்தாள். உலகம் இவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள். காரில் ஏதோ கிணுகிணுத்தது. இர்மாவின் கைப்பையில் சாவி. வீட்டில் ஃப்ரிட்ஜ் பெருமூச்சு விட்டது. மாடிப்படி முனகுகிறது என்று நினைத்து நின்றேன், என் முழங்கால். ரொட்டி மென்றால் யாரோ சரளைக்கல்லில் நடக்கிற மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் விட மோசம், இர்மா மூச்சுக்குக் கீழே ஏதேதோ சொல்லிக்கொண்டே வேலை செய்கிறவள் என்பது. பாதி என்னைப் பற்றி.

அடுத்த ஞாயிறு டி.வி.யைப் போட்டேன். சத்தம் அளவாக. ஸ்டான் இல்லை, பந்தயம் இல்லை. எங்கள் ஆட்கள் குனிந்து நிற்கிறார்கள். பந்து இன்னும் கைமாறவில்லை. அப்போது சமையலறையிலிருந்து ஓர் ஆணின் குரல்.

என் வீட்டுச் சமையலறையில் ஆண் குரல். காதைத் திருப்பினேன். "இடது பக்கம் எறிகிறான், பிடித்துவிட்டான், கோட்டைத் தாண்டிவிட்டான்" என்று உயிரை விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. டி.வி.யில் எங்கள் ஆட்கள் இன்னும் குனிந்தே நிற்கிறார்கள். பிறகு எழுந்தார்கள். இடது பக்கம் எறிந்தான். பிடித்தான். கோட்டைத் தாண்டினான்.

ரேடியோ.

எங்கள் ஊரில் பழைய ஆட்கள் எல்லோரும் டி.வி. சத்தத்தை நிறுத்திவிட்டு, படத்துக்கு எங்கள் உள்ளூர் ரேடியோக்காரரைத்தான் வைத்துக் கேட்பார்கள். டி.வி.க்காரர்களுக்கு எங்கள் ஊர் மேல் பாசம் கிடையாது; ரேடியோக்காரர் நாங்கள் தோற்றால் அழுவார். நானும் அப்படித்தான் கேட்டேன். பிறகு டி.வி. படம் சாட்டிலைட்டுக்கு, வானத்துக்குப் போய்த் திரும்பி வருகிற காலம் வந்தது. ரேடியோ மைதானத்திலிருந்து நேராக வருகிறது. படம் சில நொடி பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. எல்லாம் முன்னாடியே தெரிந்துபோனால் பார்க்க என்ன இருக்கிறது? ரேடியோவை வீட்டை விட்டுத் தூக்கிப் போடச் சொன்னேன். இர்மா தூக்கினாள். சமையலறை வரை தூக்கியிருக்கிறாள்.

வேலி ஓரமாகப் போனேன். ஸ்டான் உதிர்ந்த இலையைக் கூட்டிக்கொண்டிருந்தான். கூட்டுகிற சத்தம் தூரத்திலேயே கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். டி.வி.யை ஊமையாக்கிவிட்டு உட்கார்ந்திருந்த அந்த அறையில், அவனுக்கு அன்றைக்கு ரேடியோ கேட்டதா என்று கேட்டேன்.

"நல்லாக் கேட்டுச்சு."

"அப்ப ஏண்டா சொல்லலை?"

"உனக்கும் கேக்கும்னுதான் நெனச்சேன்," என்றான் ஸ்டான். "சரி, பொண்டாட்டிக்கு விட்டுக்குடுக்கறான், பெரிய மனுஷன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் திரும்பி வீட்டுக்கு நடந்தேன்.

இர்மாவிடம் நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. கத்தியிருக்கலாம். கத்தினால் என்ன கிடைக்கும்? மோசம் செய்தாய் என்று சொன்னால், ரேடியோ கேட்கிற தூரத்தில்தானே நீயும் இருந்தாய் என்பாள். அவள் எடுத்த ஆயுதத்தையே எடுப்பது என்று தீர்மானித்தேன். இப்போது எனக்கும் கேட்கும். அவள் கேட்டுவிட்டுக் கதவு வரை நடந்து வர வேண்டும். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்பேன். யார் முந்துவது?

இன்னொரு பந்தயம் போடலாம் என்றேன். இந்தத் தடவை பேஸ்பால். நான் ஜெயித்தால் மெஷின் டிராயருக்குள் போகும், திரும்ப வெளியே வராது. தோற்றால் சாகும் வரை காதில் இருக்கும்.

இர்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். உனக்கு அது அவ்வளவு தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். சரி, சனிக்கிழமை ஆடலாம் என்றாள். ஒரு கேள்வி கூட இல்லை. அவள் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அவளுடைய வெள்ளை மனசு என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பேஸ்பால் அணி அந்த அக்டோபரில் இன்னும் கோப்பைப் போட்டியில் இருந்தது. இதுவே அபூர்வம். பேஸ்பாலைப் பற்றி என் அபிப்பிராயம் சுருக்கமானது: கெடுத்துவிட்டார்கள். பந்து எறிகிறவன் ஒன்பது இன்னிங்ஸும் எறிய வேண்டும். தோள் கழன்றால் அதை மாட்டிக்கொண்டு எறிய வேண்டும். இப்போது ஐந்தாவதிலேயே முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நேரம் பார்க்க மைதானத்தில் கடிகாரம் வேறு. பேஸ்பாலுக்கு எதற்குக் கடிகாரம்? அவசரம் இருக்கிறவன் பேஸ்பாலுக்கு ஏன் வருகிறான்?

சனிக்கிழமை மதியம். ஸ்டான், தம்ளர்கள், மூடிகள். டி.வி. சத்தம் அணைந்தது. மட்டை பிடிக்க வருகிற ஒவ்வொருவனும் என்ன ஆவான் என்று சொல்ல வேண்டும். முதலில் சொல்கிறவர் சொன்னதுதான் கணக்கு. இர்மா சமையலறைக்குப் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. நான் சாய்ந்து உட்கார்ந்து, பேஸ்பாலை ஆழ்ந்து யோசிக்கிறவன் மாதிரி கண்ணைப் பாதி மூடிக்கொண்டேன்.

ரேடியோக்காரர் தெளிவாக வந்தார். "அவுட்," என்றேன். அவுட். "நாலு கோணல் பந்தை விட்டுட்டு, ஓசியில முதல் பேஸுக்கு நடந்து போவான்." நடந்து போனான். "கூட்டத்துக்குள்ள அடிப்பான்." அடித்தான். பந்தைப் பிடித்த ஆள் தன் பீரைக் கொட்டிக்கொள்வான் என்றும் சேர்த்துச் சொல்ல ஆசையாக இருந்தது. ரேடியோக்காரர் அதையும் சொல்லியிருந்தார். அடக்கிக்கொண்டேன். அடக்கம் எனக்கு இயல்பு.

இர்மா கதவுக்கு வருவதற்குள் ஸ்டான் என் தம்ளரில் மூடி போட்டுவிடுவான். அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பிப் போவாள். முகத்தில் வருத்தம் இல்லை. அது எனக்கு லேசாக உறுத்தியது. தோற்கிறவள் கொஞ்சமாவது தோற்க வேண்டாமா?

நடு ஆட்டத்தில் ரேடியோக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. குரல் மெலிந்தது. ஸ்டானை மெல்லாமல் இருக்கச் சொன்னேன். ஏன் என்றான். மரியாதைக்கு என்றேன். ஏழாவது இன்னிங்ஸில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மெஷின் காதைச் சமையலறைப் பக்கம் திருப்பி, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தேன். ஒவ்வொன்றும் சரியாக வந்தது. எட்டாவதில் ஃப்ரிட்ஜ் பெருமூச்சு நிற்கும் வரை காத்திருந்து சொன்னேன். அதுவும் சரி.

ஸ்டானுக்கு இப்போது என்னைப் பார்க்கவே பயமாக இருந்தது. முதலில் அவனும் ரேடியோவைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். என்னைப் பார்த்துக் கண் கூட அடித்தான். ஏழாவதிலிருந்து கண் அடிப்பதை நிறுத்தினான். எட்டாவதில் சமையலறைப் பக்கம் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒன்பதாவதில் "மூணாவது ஆள் மட்டையை ஓங்கி ஏமாந்து போவான்" என்று நான் சொன்னதும், அது நடந்ததும், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

எங்கள் அணி தோற்றது. நான் ஜெயித்தேன். எங்கள் ஊரில் இரண்டும் சேர்ந்து நடந்தால் நல்ல நாள்.

இர்மா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மூடி எண்ண வேண்டாம் என்றாள். நீ ஜெயித்துவிட்டாய் என்றாள். வாழ்த்துகூடச் சொன்னாள். பிறகு ஒரு நிமிஷம் சமையலறைக்கு வரச் சொன்னாள். ஜெயித்தவன் பெருந்தன்மையோடு போனேன். ஸ்டானும் வந்தான், அடுப்பில் சாசேஜ் இருந்தது.

ரேடியோ வழக்கமான இடத்தில் இல்லை. நான் அது எங்கே என்று கேட்க முடியாது. எனக்குத்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதே.

இர்மா தொட்டிக்குக் கீழே இருக்கிற மர அலமாரியைத் திறந்தாள். சோப்புப் பாட்டில்களுக்குப் பின்னாலிருந்து ஒரு மூட்டையை எடுத்தாள். குளியல் துண்டு. அதைப் பிரித்தாள். உள்ளே இன்னொரு துண்டு. அதற்குள் ரேடியோ. ரேடியோக்காரர் உள்ளே அழுதுகொண்டிருந்தார்.

"மூணாவது இன்னிங்ஸ்லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாச் சத்தத்தைக் குறைச்சேன்," என்றாள். "ஏழாவதுல அலமாரிக்குள்ள வெச்சேன். எட்டாவதுல துண்டு சுத்தினேன். ஒன்பதாவதுல இன்னொண்ணு சுத்திக் கதவைச் சாத்தினேன். எனக்குச் சுத்தமாக் கேக்கலை, ரே. ஸ்கோர் என்னன்னு நீ கத்தறதை வெச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

ஸ்டான் குனிந்து ரேடியோவில் காதை வைத்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பயம் போய்விட்டது. அதன் இடத்தில் ஒரு சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

"இல்ல, ஒருவேளை நீ ரேடியோ கேக்காமலே சொல்லியிருக்கலாம்," என்றாள் இர்மா. "பேஸ்பால் தெரிஞ்சவன். அப்படின்னா மெஷினைக் கழட்டி இங்க வை. மேற்குக் கரை ஊர்க்காரங்க ஆட்டம் இப்பத்தான் ஆரம்பிக்குது. அதையும் சொல்லிடு."

கேட்டேன் என்றால் மெஷின் வேலை செய்கிறது. கேட்கவில்லை என்றால் அடுத்த ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். டிராயர் திறந்தே இருந்தது. அதையும் அவளே திறந்து வைத்திருந்தாள். கரண்டிகளை ஒதுக்கி, மெஷின் வைக்க அழகாக இடம் பண்ணியிருந்தாள்.

நான் கையைக் காதுக்குக் கொண்டுபோனேன். அப்போது எங்கேயோ ஒரு வண்டு துணிக்குள் மாட்டிக்கொண்டு துடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"போன்," என்றேன்.

எங்கே என்றான் ஸ்டான். அவனுக்குக் கேட்கவில்லை. நடைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த இர்மாவின் கோட். அதன் உள்பையில் அவளுடைய போன். நான்தான் போய் எடுத்தேன். இர்மா பின்னால் வரவில்லை.

"அம்மா?" என்றாள் கேரல்.

"நான்தான்."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. முன்பெல்லாம் பேச்சு நின்றால் எனக்கு ஒன்றும் இல்லை. இப்போது அந்த அமைதிக்குள் என்னென்னவோ கேட்டது. அவள் மூச்சு. அரிசோனாவில் ஒரு நாய். அவள் நாற்காலியை இழுத்து உட்காருவது.

"டென்னி விஷயம் சொல்லு," என்றேன்.

"சொன்னேனேப்பா."

"திரும்பச் சொல்லு. இப்பக் கேக்குது."

சொன்னாள். வெகு நேரம் சொன்னாள். சின்னக் குரல் அவளுக்கு. குழந்தையிலிருந்தே அப்படித்தான் என்று நினைக்கிறேன். வீட்டில் அவன் பொருள் எதெல்லாம் இன்னும் இருக்கிறது என்று சொன்னாள். காலையில் இன்னும் காபி இரண்டு பேருக்குப் போட்டுவிடுகிறாளாம். ஓர் இடத்தில் எச்சில் விழுங்கினாள், அதுவும் கேட்டது. நான் நடை விளக்கின் கீழே கோட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அபிப்பிராயம் இருந்தது. இருந்தும் சொல்லவில்லை. நவம்பரில் இங்கே வந்து எங்களோடு இரு என்றேன். வருகிறேன் என்றாள்.

கடைசியில் மூக்கை உறிஞ்சிவிட்டு, மெஷினைக் கழற்றாமல் இருப்பாயா என்று கேட்டாள். இருப்பேன் என்றேன். ஆனால் ஒரு விஷயம் பதிவாக வேண்டும் அல்லவா. சமையலறையில் இரண்டு பேர் சாசேஜ் தின்றுகொண்டு சிரிப்பது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் தோத்ததால வெச்சுக்கலை," என்றேன். "இன்னைக்கு உங்க அம்மாவோட பேஸ்பால் பந்தயம். ஜெயிச்சது நான்தான்."

"தெரியும்ப்பா," என்றாள் கேரல். "அம்மா நேத்தே சொன்னாங்க."